பழைய வின்செஸ்டர் 94 கைக்கு வந்தால்: அடையாளம் பார்ப்பதும் விலை போடுவதும்

பழைய லீவர் ரைஃபிள் (ட்ரிகரைச் சுற்றியுள்ள பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் துப்பாக்கி) ஒன்று கைக்கு வந்ததும் எமரித் தாளையும் பாலிஷையும் தேடிப் போகாதீர்கள். மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் மேலோட்டமாக ஒரு துடை, அவ்வளவு போதும். அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் சிலருக்கு இந்தத் துப்பாக்கிகள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்தது, மாமனார் வீட்டு மாடியில் கிடந்தது, எஸ்டேட் சேலில் (இறந்தவர் வீட்டுப் பொருள் விற்பனையில்) வாங்கியது என்று ஏதோ ஒரு வழியில் வந்து சேர்கின்றன. வந்த ஒரு வாரத்தில் அதைப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டு, அப்புறம் "இது எவ்வளவு போகும்?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் போன பணம் திரும்பி வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லீவர் ரைஃபிளில் பல வகை இருந்தாலும் உங்கள் கையில் இருப்பது வின்செஸ்டர் 94 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்தது, 1894 ஆகஸ்ட் 21 அன்று காப்புரிமை கிடைத்தது. அன்றிலிருந்து 2006-இல் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன் ஆலை மூடும் வரை 70 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழசு என்பதாலேயே இது அரிதான பொருள் ஆகிவிடாது. எந்த வருடம், எந்த வடிவம், அதில் எவ்வளவு யாரும் கை வைக்காமல் அப்படியே இருக்கிறது, இந்த மூன்றும்தான் விலை. மூன்றிலும் கடைசியானதுதான் பெரியது.

எதையும் பார்ப்பதற்கு முன் தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். வாய்ப்பகுதியை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, விரலை ட்ரிகரில் இருந்து எடுத்துவிட்டு, லீவரை முழுதாகக் கீழே இறக்கி, தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், விரல் விட்டும் பாருங்கள். இதில் தோட்டா பேரலுக்கு, அதாவது குண்டு வெளியேறும் குழாய்க்கு, கீழே ஓடும் இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். லீவரை சில தடவை ஏற்றி இறக்கியதும் எதுவும் வெளியே வரவில்லை என்பதால் குழாய் காலி என்று நினைத்துவிடக் கூடாது. பல வருடம் அசையாத ஸ்பிரிங் துருப்பிடித்து நின்று உள்ளே ஒரு தோட்டா மாட்டியிருக்கலாம். வலது பக்கம் தோட்டா நுழைக்கும் கதவை விரலால் அழுத்தி உள்ளே பித்தளை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித்திடம் கொண்டு போங்கள். பழைய 94-இல் தனியாக சேஃப்டி பொத்தான் கிடையாது, பின்னால் இருக்கும் சுத்தியல் போன்ற ஹேமரைப் பாதியில் நிறுத்தும் ஹாஃப் காக் மட்டும்தான், அது தேய்ந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, இது 94 தானா? பேரலிலோ ரிசீவரின் (லீவரும் ட்ரிகரும் பொருந்தியிருக்கும் நடு இரும்புப் பகுதி) பின்வால் பகுதியிலோ மாடல் பெயர் இருக்கும். ஆரம்ப காலத்தவற்றில் "மாடல் 1894", பிற்பாடு வந்தவற்றில் "மாடல் 94". எழுத்து தேய்ந்து போயிருந்தால் லீவரை இறக்கி ரிசீவரின் அடியைப் பாருங்கள். 94-இல் அடித்தட்டே லீவரோடு சேர்ந்து கீழே இறங்கும், சேம்பரைப் பின்னால் இருந்து மூடும் போல்ட்டின் பின்னால் ஒரே ஒரு பூட்டுக் கட்டை மேலும் கீழும் போகும். 1886, 1892 மாடல்களில் போல்ட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகள் மேலிருந்தே தெரியும். அந்த இரண்டுக்குள் 1886 பெரியது, கனமானது, 1892 சிறியது,.44-40 போன்ற குட்டைத் தோட்டாவுக்கானது. ரிசீவரின் பக்கத்தில் தனித் தகடும் மேலே சறுக்கும் மூடியும் இருந்தால் 1873 வகை. ட்ரிகருக்கு முன்னால் பெட்டி மாதிரி மேகசின் (தோட்டாக்கள் நிற்கும் இடம்) தொங்கினால் 1895. தோட்டா மேலே இல்லாமல் வலது பக்கவாட்டில் வெளியேறினால், மேல்பக்கம் மூடியிருந்தால், பெரும்பாலும் மார்லின் நிறுவனத்துடையது. வெளியே ஹேமரே இல்லாமல், ரிசீவரின் இடது பக்கச் சிறு துளையில் மிச்சத் தோட்டா எண்ணிக்கை தெரிந்தால் அது சாவேஜ் 99, அதன் கதை தனி.

பேரலில் இத்தாலி, பிரேசில், ஜப்பான் என்று நாட்டின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். உபெர்ட்டி, ராஸி போன்றவர்கள் பழைய வடிவங்களை நன்றாகவே செய்கிறார்கள், 2010 முதல் வின்செஸ்டர் பெயரிலேயே 94 ஜப்பானின் மிரோக்கு ஆலையில் இருந்து வருகிறது. சுடுவதற்கு அவை அருமையானவை. ஆனால் அவற்றைப் பழைய பொருளாக விலை போட முடியாது.

அடுத்தது வரிசை எண். ரிசீவரின் அடியில், முன்பக்கமாக, பேரலுக்குக் கீழே உள்ள மரமான முன்கட்டைக்கு அருகில் இருக்கும். அழுக்கு அடைத்திருந்தால் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். கம்பிப் பிரஷ் கூடவே கூடாது. எண்ணை வைத்து வருடம் கண்டுபிடிக்க அட்டவணைகள் உண்டு. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய வின்செஸ்டர்களுக்கு இரண்டு விதமான அட்டவணைகள் புழங்குகின்றன, ஒன்று நெடுங்காலமாகச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்தியது, மற்றொன்று ஆலையின் பாலிஷிங் அறைப் பதிவேட்டில் இருந்து எடுத்தது. இரண்டும் ஒரே எண்ணுக்கு வெவ்வேறு வருடம் சொல்லும்.

அந்த வித்தியாசம் எங்கே உதைக்கும் என்றால் 1898-இல். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள் வகையில் வரும், சாதாரண துப்பாக்கிக்கு உள்ள பல விதிகள் அதற்குக் கிடையாது (மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், அதைத் தனியாகப் பாருங்கள்). அந்த எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் விலையும் கூடும். அதனால் எண் அந்தக் காலத்தை ஒட்டி இருந்தால் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு அட்டவணையை நம்பி விற்கவோ வாங்கவோ செய்யாதீர்கள். வயோமிங் மாநிலம் கோடி நகரில் பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட் இருக்கிறது, அதற்குள் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் மூலப் பதிவேடுகள் இருக்கின்றன. 1894 மாடலுக்கு 353,999 எண் வரை பதிவு உண்டு. கட்டணம் கட்டினால் உங்கள் எண்ணுக்கு எந்தத் தோட்டா, என்ன பேரல், எப்போது கிடங்கில் இருந்து போனது என்று கடிதமாகத் தருவார்கள். உங்கள் எண் அந்த வரம்புக்குள் இருந்தால் அந்தக் கடிதத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. பதிவேட்டில் எண்கோண பேரல் என்று எழுதியிருந்து கையில் இருப்பது உருண்டை பேரல் என்றால், நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வருடத்தில் இன்னொரு எல்லை 1964. அந்த வருடம் உற்பத்திச் செலவைக் குறைக்க வின்செஸ்டர் 94-ஐ மாற்றியது. இழைத்துச் செய்த உறுப்புகளுக்குப் பதில் தகட்டில் அடித்தவை வந்தன, கெட்டிப் பின்களுக்குப் பதில் உள்ளே காலியாக இருக்கும் சுருள் பின்கள் வந்தன. ரிசீவரின் உலோகமும் மாறியது. 64-க்கு முந்தியதற்கும் பிந்தியதற்கும் சந்தையில் இன்றும் தெளிவான விலை வித்தியாசம் இருக்கிறது. எண் 27 லட்சத்துக்கு மேல் போனால் அது பிந்தியது. எண்ணைப் பார்க்காமலே தெரிந்துகொள்ள ரிசீவரின் பக்கத்தில் உள்ள பின்னின் முனையைப் பாருங்கள், நடுவில் துளை தெரிந்தால் 64-க்கு அப்புறம். பிந்தியவை மோசமான துப்பாக்கிகள் இல்லை, மான் வேட்டைக்கு இன்றும் தாராளமாக எடுத்துப் போகலாம். சேகரிப்பாளர் பணம் கொடுக்க மாட்டார், அவ்வளவுதான். தோட்டா பக்கவாட்டில் தள்ளப்படும் வடிவம் 1982-ஐ ஒட்டி, குறுக்கு பட்டன் சேஃப்டி 1992-இல், பின்வாலில் சறுக்கும் சேஃப்டி 2003-இல் என்று பிறகு வந்தவற்றையும் கண்ணாலேயே காலம் பிரிக்கலாம்.

வடிவத்துக்கு வருவோம். சேகரிப்பாளர்கள் ரைஃபிள், கார்பைன் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். ரைஃபிளுக்கு 26 அங்குல பேரல், உருண்டை அல்லது எண்கோணம், முன்கட்டை முனையில் இரும்புத் தொப்பி, பின்கட்டையில் பெரும்பாலும் பிறை வடிவ இரும்புத் தகடு. கார்பைனுக்கு 20 அங்குல உருண்டை பேரல், முன்கட்டையைச் சுற்றி வளையப் பட்டை. 1920-களின் நடுப்பகுதி வரை வந்த கார்பைன்களில் ரிசீவரின் இடது பக்கம் குதிரைச் சேணத்தில் மாட்டுவதற்கான வளையம் இருக்கும். ரைஃபிள்கள் குறைவாக வந்தன, அதனால் அதே நிலையில் இருந்தால் அவற்றுக்கு விலை கூட. எண்கோண பேரல், இரண்டாகக் கழற்றும் டேக்டவுன், பாதி நீள மேகசின், நல்ல வரியோடிய வால்நட் கட்டையில் கட்டம் வெட்டியது, இவை எல்லாம் அன்றைக்குத் தனியாக ஆர்டர் கொடுத்து வாங்கியவை. ஒவ்வொன்றும் விலையை ஏற்றும்.

பேரலை அளக்கும்போது 16 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் அங்கேயே நில்லுங்கள். 14, 15 அங்குல ட்ராப்பர் கார்பைன்களை வின்செஸ்டரே செய்தது உண்டு, அவை மிகவும் மதிப்புள்ளவை, ஆனால் 1934-இன் தேசிய துப்பாக்கிச் சட்டத்தில் குட்டை பேரல் ரைஃபிளுக்குத் தனி விதி இருக்கிறது. ஆலையில் இருந்து அப்படியே வந்தது என்று நிரூபித்து அரசு விலக்கு பெற்ற துண்டுகள் இருக்கின்றன. யாரோ ஹேக்ஸா வைத்து அறுத்தது என்றால் அதை வைத்திருப்பதே குற்றம். வாங்குவதற்கு முன் இதில் அனுபவமுள்ள வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

தோட்டா வகை பேரலின் பின்முனையில் அடித்திருக்கும். "30 டபிள்யூ.சி.எஃப்." என்றால் பயப்பட வேண்டாம், நாம் சொல்லும் தேர்ட்டி-தேர்ட்டிதான் அது. 94 முதலில் .32-40, .38-55 என்ற கரும்பொடித் தோட்டாக்களுக்கே வந்தது. 1895-இல் நிக்கல் எஃகு பேரலோடு .30-30, .25-35 என்ற புகையில்லா மருந்துத் தோட்டாக்கள் வந்தன. அதற்குப் பிறகு .32 ஸ்பெஷல். இதில் .30-30 எங்கும் கிடைக்கும், .32 ஸ்பெஷல் அடுத்தபடி. மீதி மூன்றும் குறைவு என்பதால் அவற்றுக்கு விலை ஏறும்.

இப்போது நிலை, அதாவது துப்பாக்கியில் ஆலைக் காலத்தது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது. நல்ல பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள்.

முதலில் பேரலில் அடித்திருக்கும் எழுத்துகள். ஆலையில் அடித்த எழுத்தின் விளிம்பு கூர்மையாக, விரல் நகம் ஓட்டினால் தட்டுப்படும். பாலிஷ் சக்கரத்தில் காட்டியிருந்தால் விளிம்பு மழுங்கி, சில எழுத்துகள் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மறைந்தும் இருக்கும். திருகு ஓட்டையைச் சுற்றிச் சின்னக் குழி விழுந்திருக்கிறதா? ரிசீவரின் மூலைகள் உருண்டு போயிருக்கின்றனவா? துருக் குழிகளுக்கு உள்ளேயும் கருநீலம் பிடித்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி புளூயிங் (இரும்புக்கு ஏற்றும் கருநீலப் பூச்சு) செய்திருக்கிறார்கள். தூரத்தில் இருந்து பார்க்க அது அழகாக இருக்கும், விலையோ பாதியோ அதற்கும் கீழேயோதான். 64-க்குப் பிந்திய ரிசீவர்களில் இது இன்னும் சுலபமாகத் தெரியும், அந்த உலோகம் வழக்கமான புளூயிங்கை ஒழுங்காக ஏற்காததால் கத்தரிப்பூ நிறத்துக்குத் திரும்பிவிடும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று. பேரல் நல்ல நீலமாக இருக்கும், ரிசீவர் மட்டும் பழுப்பாக, பொரிந்து உதிர்ந்த மாதிரி இருக்கும். பேரலை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்டுப் போவார்கள். முதல் உலகப் போரை ஒட்டியும் அதற்குப் பிறகும் வந்த வின்செஸ்டர் ரிசீவர்களில் புளூயிங் இப்படித் தானாகவே உதிர்வது சகஜம். அது நேர்மையான முதுமை. கை பிடிக்கும் இடத்தில், ரிசீவரின் அடிப்பக்கத்தில் நடுவில் தேய்ந்து ஓரங்களில் நீலம் மிஞ்சியிருப்பதும் அப்படித்தான், யாரோ பல வருடம் அதைக் கையில் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்திருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே சீராக நிறம் இருப்பதைப் பார்த்துதான் சந்தேகப்பட வேண்டும்.

திருகுகளைப் பாருங்கள். பிளவு நேராக, விளிம்பு உடையாமல் இருந்தால் உள்ளே அதிகம் யாரும் போகவில்லை. சிதைந்திருந்தால் வீட்டு ஸ்க்ரூடிரைவரோடு யாரோ விளையாடியிருக்கிறார்கள், உள்ளே என்ன மாற்றினார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். ஆலையில் கட்டையை இரும்பைவிட மயிரிழை உயரமாக விட்டுத்தான் பொருத்துவார்கள். விரல் கட்டையில் இருந்து இரும்புக்கு வரும்போது இறங்கினால் நல்லது. ஏறினால் கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ரிசீவரின் பின்வாலுக்குப் பின்னால் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்றும் அங்கேயே பாருங்கள், அடிக்கடி வரும் இடம்.

அப்புறம் துளைகள். பழைய 94 காலித் தோட்டாவை மேலே தள்ளும், அதனால் தொலைநோக்கியை நேர் மேலே வைக்க முடியாது. அந்தக் காலத்தில் ஆட்கள் ரிசீவரின் பக்கத்தில் துளை போட்டு மாட்டினார்கள். அப்படிப் போட்ட ஒவ்வொரு துளையும் சேகரிப்பு மதிப்பை வெட்டும், திருகு வைத்து அடைத்திருந்தாலும்தான். ஆனால் 1950-களின் நடுவில் இருந்து வந்த பலவற்றில் ரிசீவரின் இடது பின்பக்கம் இரண்டு சிறிய துளைகள் ஆலையிலேயே போட்டவை, அவற்றுக்காக விலையைக் குறைக்க வேண்டாம்.

பேரலின் உள்ளே டார்ச் விட்டுப் பாருங்கள். சுருள் வரிகள் கூர்மையாக, பளிச்சென்று இருந்தால் நல்லது. பழைய தோட்டாக்களின் ப்ரைமரில் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு) இருக்கும் உப்பு ஈரம் இழுத்துத் துருவை உண்டாக்கும் என்பதால் பல பேரல்கள் உள்ளே கருத்திருக்கும். கருத்த பேரலும் சில நேரம் நேராகச் சுடும், ஆனால் விலை குறையும். அதைவிட முக்கியம் வாய்முனை. இந்த ரைஃபிளைப் பின்பக்கம் இருந்து சுத்தம் செய்ய வழி இல்லாததால் எல்லோரும் முன்பக்கம் இருந்தே கம்பி விடுவார்கள், பல வருடம் கம்பி உரசி உரசி வாய்முனையில் வரிகள் தேய்ந்துபோகும். முனையில் இருந்து முதல் அரை அங்குலத்தை மட்டும் உன்னிப்பாகப் பாருங்கள், வரி ஒரு பக்கம் மழுங்கி முட்டை வடிவமாகத் தெரிந்தால் குறி பிசகும்.

தரத்துக்குப் பெயர் வைக்க அமெரிக்காவில் தேசிய ரைஃபிள் சங்கமான என்.ஆர்.ஏ.வின் அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். பழம்பொருள் துப்பாக்கிகளுக்கு, உறுப்புகள் எல்லாம் அசல் என்று இருந்து, ஆலைப் பூச்சு 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சினால் எக்ஸலன்ட், 30-க்கு மேல் ஃபைன், அதற்குக் கீழே வெரி குட். பேச்சு வழக்கில் "வெரி குட்" என்றால் மிக நல்லது என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது, பூச்சே இல்லாமல் இருந்தாலும் அந்தப் பெயர் கிடைக்கும்.

விலையை ஏற்றும் சில முத்திரைகள் உண்டு. 1918-இல் அமெரிக்க ராணுவம் பசிபிக் வடமேற்கில் ஸ்ப்ரூஸ் மரக் காடுகளைக் காவல் காக்க 1,800 கார்பைன்களை வாங்கியது, அவற்றில் "யு.எஸ்." எழுத்தும் எரியும் குண்டுச் சின்னமும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் கனடாவின் பசிபிக் கரையோர ரேஞ்சர்களுக்குப் போனவற்றில் சி எழுத்துக்குள் அம்பு இருக்கும். மதிப்பு இருப்பதால் போலியும் இருக்கிறது. தேய்ந்த பழைய ரிசீவரில் முத்திரை மட்டும் புதுசாக, கூர்மையாக நின்றால் நகர்ந்துவிடுங்கள்.

பொன்முலாம் போட்ட நினைவுப் பதிப்புகளுக்கு வீட்டில் நிறையப் பேர் பெரிய கனவு வைத்திருக்கிறார்கள். 1966-இல் வந்த நூற்றாண்டுப் பதிப்பு மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது, எல்லோரும் பெட்டியோடு பத்திரமாக வைத்தார்கள். அதனால் பெட்டி, காகிதம், வெளி அட்டை எல்லாம் இருந்து ஒரு குண்டுகூடச் சுடாதது என்றால்தான் பேச்சே. ஒரு கீறல் விழுந்தாலும் சாதாரண 94 விலைக்கு வந்துவிடும்.

மார்லின் 336 என்றால் சுருக்கமாக: பேரலின் இடது பக்கம், ரிசீவரை ஒட்டி "ஜே.எம்." என்ற சிறு முத்திரையைத் தேடுங்கள், ரெமிங்டன் நிறுவனத்தின் கைக்குப் போவதற்கு முந்தியது என்பதற்கான அடையாளம், சந்தையில் அதற்கு மரியாதை உண்டு. 1973 முதல் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 100-இல் கழித்தால் வருடம் வரும், 25 என்றால் 1975.

இனி விலை. இணையத்தில் ஆள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டி, உங்களுடையதைப் போன்ற அதே காலம், அதே தோட்டா, அதே நிலை உள்ளவற்றைத் தேடி, ஏழெட்டு விற்பனையைக் குறித்துக்கொள்ளுங்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் விட்டுவிட்டு நடுவில் எது நிற்கிறது என்று பாருங்கள். ராக் ஐலண்ட் போன்ற பெரிய ஏல நிறுவனங்களின் விலையில் வாங்குபவர் தரும் கமிஷன் சேர்ந்திருக்கும், விற்பவர் கைக்கு அது வராது. கடைக்காரர் தருவதாகச் சொல்லும் தொகை இன்னும் கீழேதான் இருக்கும், அவர் அதை மறுபடி விற்க வேண்டும், அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. என் கணக்கில், நன்றாக உழைத்த ஆனால் யாரும் கெடுக்காத 1950-களின் .30-30 கார்பைன் ஆயிரம் டாலரை ஒட்டி நிற்கும். அதே துப்பாக்கிக்கு மறு புளூயிங்கும் பக்கத் துளைகளும் இருந்தால் வேட்டைக்கு வாங்குபவரிடம் மட்டுமே விற்க முடியும், சில நூறு டாலர் போகும். 1900-களின் தொடக்கத்து எண்கோண ரைஃபிள், பாதிக்கு மேல் பூச்சோடு, கோடி நகர அருங்காட்சியகக் கடிதத்தோடு வந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அதை ஏல நிறுவனத்திடம் காட்டாமல் விற்காதீர்கள்.

விற்கும்போது படம் எடுப்பதில் சோம்பல் வேண்டாம். இரண்டு பக்கமும் முழு நீளம், வரிசை எண், பேரல் எழுத்துகள், கட்டை சேரும் இடம், வாய்முனை, திருகுகள், அப்புறம் குறை இருக்கும் ஒவ்வொரு இடமும் தனித்தனியாக. குறையைக் காட்டினால் விலை குறையும் என்று பயப்படுகிறார்கள், உண்மையில் குறையைக் காட்டாத படத்துக்குத்தான் அனுபவமுள்ளவர்கள் பணம் கட்ட மாட்டார்கள். 1898-க்குப் பிந்தியதை வேறு மாநிலத்தவருக்கு விற்றால் உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும்.

வைத்துக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால், சுடுவதற்கு முன் கன்ஸ்மித்திடம் ஹெட்ஸ்பேஸ் (சேம்பரில் தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளி) அளந்து வாங்குங்கள். குழாய் மேகசினில் முனை தட்டையான தோட்டா மட்டுமே போடுங்கள், கூர்முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் ப்ரைமரைக் குத்திவிடும். ஹார்னடியின் லீவரெவல்யூஷன் மாதிரி மென்முனைத் தோட்டா மட்டும் இதற்கு விதிவிலக்கு. தோல் உறைக்குள் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும், ஒரே மழைக்காலத்தில் பேரல் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு விழுந்துவிடும்.